ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் 6 மீட்டர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

காலை எட்டே முக்கால். எங்கள் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு எதிரே ஜீப்ரா கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தொடாமல், ஆனால் அதை ஒட்டியே, தண்ணீர் கேன் ஏற்றிய டெம்போ ஒன்று நிற்கிறது. ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலிருந்து இறங்குகிறார். டெம்போவின் முகப்பை ஒட்டியே நடந்து, அதன் வெளி ஓரத்துக்கு வந்ததும் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கிறார். அதற்குள் பேத்தி ஓர் அடி முன்னே போய்விட்டாள். பின்னாலிருந்து வந்த ஸ்கூட்டர் டயர் தேயத் தேய நின்றது. பாட்டியின் முந்தானைக்கும் அதன் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். ஸ்கூட்டர்காரர் பாட்டியைத்தான் திட்டினார். டெம்போவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது கோட்டின் மேல் நிற்கவில்லையே!

கோட்டின் மேலேயே வண்டியை நிறுத்துவது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால்? அங்கேதான் சண்டை, சலான், வாக்குவாதம் எல்லாம் வருகின்றன. பொதுவாகக் கேட்கப்படும் சந்தேகங்கள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

பக்கத்தில்தானே நிற்கிறது, நடந்து போகிறவருக்கு வழி இருக்கிறதே. என்ன கஷ்டம்?

வழி இருக்கிறது, பார்வை இல்லை. ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். ஓரமாக நிறுத்திய கார், நடைபாதையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் வரை சாலையை அடைத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி வரும் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், அவருடைய கண் நடைபாதையிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் தள்ளி இருக்கும். ஜீப்ரா கோட்டின் அகலம் 3 மீட்டர் என்று வையுங்கள். அதன் நடுவில், நடைபாதை ஓரத்தில் ஒரு குழந்தை நிற்கிறது.

நிறுத்திய கார் கோட்டை ஒட்டி நின்றால், வரும் ஓட்டுநரின் கண் குழந்தைக்கு 3 மீட்டர் அருகில் வந்த பிறகுதான் அவருக்குக் குழந்தை தெரியும். கண்ணுக்கு முன்னால் பானெட்டும் பம்பரும் 2 மீட்டர் நீண்டிருக்கின்றன. மிச்சம் ஒரே ஒரு மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி போல ஆகும்.

இப்போது அதே காரை 6 மீட்டர் பின்னால் தள்ளுங்கள். குழந்தை 15 மீட்டர் தூரத்திலேயே தெரிகிறது. பம்பரைக் கழித்தாலும் 13 மீட்டர் இருக்கிறது. பிரிட்டன் அரசு ஓட்டுநர்களுக்குத் தரும் கையேட்டில், மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி முழுதாக நிற்க 12 மீட்டர் வேண்டும் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, அந்த 6 மீட்டர் காலியாக இருந்தால் வண்டி நின்றுவிடும். காலியாக இல்லாவிட்டால், ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தாலும் நிற்காது.

அதே கையேட்டில் 48 கிலோமீட்டர் வேகத்துக்கு 23 மீட்டர் என்று இருக்கிறது. ஆகவே இடத்தைக் காலி செய்வது மட்டும் போதாது. பள்ளி, மருத்துவமனைப் பக்கம் வேகமும் 30-க்குள் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

பெரியவர்கள் காரின் கூரைக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண், கார்க் கதவில் கண்ணாடி தொடங்கும் உயரத்தில்தான் இருக்கும். நிற்பது வேனாக இருந்தால் பிள்ளைக்குச் சாலையும் தெரியாது, சாலைக்குப் பிள்ளையும் தெரியாது.

கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் நிறுத்தலாமா?

வண்டிகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கம்தான் மிகவும் ஆபத்தானது. வெளிநாட்டுச் சட்டங்கள் பலவும் அந்தப் பக்கத்துக்கு மட்டுமே தூரம் குறிக்கின்றன. நம் தெருக்களில் நடுத்திட்டு இல்லாத சாலைகளே அதிகம். எதிர்த் திசையில் வரும் இருசக்கர வாகனங்களையும் தினமும் பார்க்கிறோம். எனவே இரண்டு பக்கமும் விட்டுவிடுவதுதான் சரி என்பது என் கருத்து.

இத்தனை மீட்டர் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா?

பாதி இருக்கிறது, பாதி இல்லை.

1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளில், சிக்னலுக்கோ பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கோ "அருகில்" வண்டியை நிறுத்தக் கூடாது என்று இருந்தது. அருகில் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. அவற்றுக்குப் பதிலாக 2017-இல் மத்திய அரசு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு ஆகியவற்றின் மேல் நிறுத்த அவை தடை விதிக்கின்றன. சாலைச் சந்திப்பு என்றால் அதன் விளிம்பிலிருந்து முன்னும் பின்னும் 50 மீட்டர் வரை நிறுத்தக் கூடாது என்கின்றன. பஸ் நிறுத்தத்துக்கு அருகிலும், பள்ளி, மருத்துவமனை வாசல்களிலும் நிறுத்தக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

நம் ஊரில் ஜீப்ரா கோடுகள் பெரும்பாலும் சந்திப்புகளில்தான் இருக்கின்றன. ஆகவே அவை அந்த 50 மீட்டருக்குள் தாமாகவே வந்துவிடும். பள்ளி வாசலில் உள்ள கோடும் வந்துவிடும். மிச்சம் இருப்பவை சந்திப்பு இல்லாத இடத்தில், சாலை நடுவே போட்ட கோடுகள். அவற்றுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு இருக்கிறது. பிறருக்கு ஆபத்தோ, தடையோ, தேவையற்ற இடைஞ்சலோ ஏற்படுத்தும் வகையில், அல்லது ஏற்படுத்தக்கூடிய வகையில், பொது இடத்தில் வண்டியை நிற்க விடக் கூடாது என்கிறது அது. "ஏற்படுத்தக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். விபத்து நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

ஆனாலும் 122-ஆம் பிரிவை வைத்துக்கொண்டு தெருவில் வாதாட முடியாது. "இது இடைஞ்சலா, இல்லையா" என்று போலீஸ்காரரும் வண்டிக்காரரும் நின்று பேசும்போது, டேப் வைத்து அளக்க ஒரு எண் வேண்டும். பிரிட்டனில் 1971-இலிருந்து ஜீப்ரா கோட்டுக்கு இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடுகளைப் போட்டு, அதற்குள் நிறுத்தினால் தண்டனை என்று வைத்திருக்கிறார்கள். இப்போது 100 பவுண்டு அபராதம். ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், வண்டி வரும் பக்கத்தில் 20 அடிக்குள், அதாவது 6 மீட்டருக்குள், நிறுத்தினால் அபராதம். நடைபாதை ஓரத்தில் சாயம் பூசியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பிரான்சில் 5 மீட்டர். அந்த இடத்தில் இருக்கும் பழைய பார்க்கிங் இடங்களை அகற்ற 2026 முடிய அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடும் ஒரு எண்ணைத் தன் விதிகளில் எழுதிவிட்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். அதற்கு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

"நோ பார்க்கிங்" போர்டே இல்லாத இடத்தில் அபராதம் போடலாமா?

மேலே சொன்ன இடங்களில் போடலாம். சட்டமே தடுக்கும் இடத்துக்குப் போர்டு தேவையில்லை. போர்டு இருக்கும் இடங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீல வட்டத்துக்குள் சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் இருந்தால் ஆளை இறக்கிவிடக்கூட அங்கே நிற்கக் கூடாது. லைசென்ஸ் எடுக்கும்போது எல்லோரும் படித்ததுதான்.

நான் டிரைவர் சீட்டில்தான் இருக்கிறேன், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, நான்கு இண்டிகேட்டரும் எரிகிறது. இதுவும் குற்றமா?

ஆம். 122-ஆம் பிரிவு, வண்டியில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கவில்லை. வண்டி அசையாமல் அங்கே நிற்கிறதா, அதனால் ஆபத்து வரக்கூடுமா என்றுதான் கேட்கிறது. சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பதால் உங்கள் வண்டி கண்ணாடியாக மாறிவிடாது. அதன் பின்னால் நிற்கும் பிள்ளை மறைந்துதான் இருக்கும். இண்டிகேட்டர் விளக்குகள் பின்னால் வருகிறவரை விலகிப் போகச் சொல்கின்றன. அவர் விலகிப் போகும் இடம் எது? பாட்டியும் பேத்தியும் அடி எடுத்து வைக்கும் அதே இடம்.

"ரெண்டே நிமிஷம் சார்" என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி விடும் நேரத்தில் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு வகுப்பே சாலையைக் கடக்கும். பிள்ளையை இறக்கிவிட வரும் பெற்றோரின் வண்டிகள்தான் பல பள்ளிகளில் கோட்டை மறைக்கின்றன என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். தன் பிள்ளை பத்திரமாக வாசலில் இறங்குகிறது. நடந்து வரும் இன்னொருவர் பிள்ளைக்குச் சாலை தெரியாமல் போகிறது.

வண்டியைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கு அதிகாரம்? அபராதம் எவ்வளவு?

127-ஆம் பிரிவு. நிறுத்தத் தடை உள்ள இடத்தில் வண்டி நின்றால், அதை டோயிங் வண்டியில் அகற்றவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, அந்தப் பகுதிக்கு அதிகாரம் உள்ள, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். டோயிங் வண்டியோடு வரும் தனியார் ஆட்கள் தாமாக முடிவெடுத்துத் தூக்க முடியாது. போலீஸ் அதிகாரி உத்தரவிட்டிருக்க வேண்டும். இழுத்துச் செல்லும் செலவு வண்டி உரிமையாளருடையது. அபராதம் அதற்கு மேல் தனி.

சட்டம் திருத்தப்பட்டு 2019 செப்டம்பர் 1 முதல் அபராதத் தொகைகள் உயர்ந்தன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தவறான இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் சிக்கினால் 1,500. இது தவிர, பொது வழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்துவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இது வண்டிக்கு மட்டும் அல்ல, சாலையில் பொருளைப் பரப்பி வைப்பவருக்கும் பொருந்தும்.

சலான் தவறு என்று நினைத்தால் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்வது. ஒப்புக்கொள்ளாதவர் நீதிமன்றத்தில் மறுக்கலாம். அப்படி மறுப்பவருக்கும் சரி, போலீசுக்கும் சரி, கோடும் வண்டியும் ஒரே படத்தில் தெரியும் புகைப்படம்தான் சாட்சி. நம்பர் பிளேட்டை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது.

கடை வாசலில் சரக்கு இறக்கக்கூட இடம் இல்லை என்றால் எப்படிப் பிழைப்பது?

நியாயமான கேள்வி. வியாபாரிகளை விரட்டிவிட்டு எந்தத் தெருவும் வாழாது. ஆனால் கோட்டுக்கு முன்னால் கேட்பது ஒன்றரைக் கார் நிற்கும் இடம் மட்டும். அதைத் தாண்டிச் சரக்கு இறக்க ஓர் இடத்தை நேரம் குறித்து ஒதுக்கித் தரும்படி மாநகராட்சியிடமும் போக்குவரத்து போலீசிடமும் சங்கமாகப் போய்க் கேட்கலாம். வண்டி நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு தருகிறது. நிறுத்தக் கூடாத இடத்தைக் காட்டும் நிர்வாகம், நிறுத்த வேண்டிய இடத்தையும் காட்டித்தான் ஆக வேண்டும். அதைச் செய்யாமல் சலான் புத்தகத்தை மட்டும் நீட்டினால், வியாபாரிகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பஸ்ஸே கோட்டுக்கு முன்னால்தானே நிற்கிறது?

நிற்கக் கூடாது. பஸ் நிறுத்தத்தைக் கோட்டைத் தாண்டி வைத்தால், இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள். அந்தப் பக்கம் வரும் வண்டிகளுக்கு அவர்கள் நன்றாகத் தெரிவார்கள். கோட்டுக்கு முன்னால் வைத்தால், பஸ்ஸின் முகப்பை ஒட்டிக் கடக்கிறார்கள். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு முந்தி வரும் பைக்குக்கு அவர்கள் கடைசி நொடிவரை தெரிவதில்லை. இது பயணியின் தவறோ பஸ் டிரைவரின் தவறோ அல்ல. நிறுத்தத்தை அங்கே நட்டது தவறு. ஆட்டோ ஸ்டாண்டுக்கும் இதே பதில்தான்.

ஒவ்வொரு கோட்டிலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா?

முடியாது. நிறுத்தவும் வேண்டாம். இந்த விஷயத்தில் நாம் பிடிவாதமாக மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. காலியாக இருக்க வேண்டிய இடத்தில் வண்டி ஏற முடியாதபடி செய்துவிட்டால், அதைக் காவல் காக்க ஆளே வேண்டாம்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோபோகன் என்று ஒரு சிறு நகரம், ஏறத்தாழ 60,000 பேர் வாழ்கிறார்கள். நெருக்கமான தெருக்கள், பார்க்கிங்குக்குப் பெரும் தட்டுப்பாடு. அங்கே தெருமுனைகளில் கோட்டுக்கு முன் உள்ள இடத்தில் வளையும் கம்பங்களை நட்டார்கள். சைக்கிள் நிறுத்தும் கம்பிகளை வைத்தார்கள். சில இடங்களில் நடைபாதையையே சாலைக்குள் நீட்டி, செடி வைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு 7 ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத்தின் தெருக்களில் சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வேகக் குறைப்பு உட்பட வேறு பல வேலைகளும் செய்தார்கள். ஆனால் தெருமுனையைத் திறந்து வைத்தது அவற்றில் முக்கியமானது.

நம்மால் முடியாததா? 2019 நவம்பரில் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி, தடுப்புக் கம்பங்கள் நட்டுக் காட்டினோம். 6 மீட்டருக்கு நான்கு கம்பங்களும் கொஞ்சம் மஞ்சள் சாயமும் அதைவிட மிகச் சிறிய வேலை. மாநகராட்சி தெருவுக்குத் தார் போடும் ஒப்பந்தத்திலேயே இதையும் சேர்த்துவிடலாம்.

கம்பம் வரும்வரை போலீசார் செய்யக்கூடியதும் உண்டு. நகரம் முழுக்க வண்டி தூக்க வேண்டாம். காலை 8 முதல் 9.30 வரை, மாலை பள்ளி விடும் நேரம், இவற்றில் பள்ளிகள், அரசு மருத்துவமனைகள், ரயில் நிலையங்களை ஒட்டிய கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். இன்று கடைத்தெருவில் வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்களை அள்ளிப் போடுவது எளிது, எண்ணிக்கையும் கூடும். உயிருக்கு உலை வைப்பது கோட்டை மறைத்து நிற்கும் ஒரு வேன். முதலில் அதை அகற்ற வேண்டும்.

கோடே அழிந்துபோயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு என்ன விதி?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தார் போட்ட பிறகு கோடு போடாமலே மாதக்கணக்கில் கிடக்கும் சாலைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நாளொன்றுக்கு 90 பேர். எல்லோரும் கோட்டில் இறந்தவர்கள் இல்லை. பல இடங்களில் கடக்கக் கோடே இருந்திருக்காது.

கோவையைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், உடைந்த எலும்புகளோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் பல ஆண்டுகள் கழித்தும் உத்தரவுகள் வந்தன. 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அதில் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, நடந்து செல்பவர்களின் பாதுகாப்புக்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவில் ஆறு மாதத்துக்குள் விதிகளை உருவாக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நான் முன்னால் சொன்ன வழி இதுதான். கோட்டுக்கு முன் எத்தனை மீட்டர் காலியாக இருக்க வேண்டும், அழிந்த கோட்டை எத்தனை நாளில் திரும்பப் போட வேண்டும், போடாவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் ஆகிய மூன்றையும் அந்த விதிகளில் எழுதலாம். எழுதும்படி நாம் கேட்கலாம்.

நான் இன்றே செய்ய நினைக்கிறேன். 6 மீட்டரை எப்படி அளப்பது?

கோட்டின் விளிம்பிலிருந்து சாதாரணமாக நடந்தால் எட்டு அல்லது ஒன்பது அடி எடுத்து வைக்க வேண்டும். காரில் இருப்பவருக்கு, தன் காரின் நீளத்தில் ஒன்றரை மடங்கு. பள்ளிக்கு எதிரே அந்த டெம்போ நின்ற இடத்தில், அது போன பிறகு நடந்து பார்த்தேன். எட்டாவது அடி, பக்கத்து ஜெராக்ஸ் கடையின் படிக்கட்டில் முடிந்தது. அதற்கு அப்பால் இன்னும் இரண்டு டெம்போக்கள் நிற்க இடம் காலியாகவே இருந்தது.